ஸ்லீப் ஸ்டடி: போவதற்கு முன்னும் ரிப்போர்ட் வந்த பின்னும் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

என் வீட்டுக்காரர் ஒரு முறை, நான் இரண்டு முறை ஸ்லீப் ஸ்டடி எடுத்திருக்கிறோம். ராத்திரி தூங்கும்போது மூச்சையும் தூக்கத்தையும் பதிவு செய்து பார்க்கிற டெஸ்ட் அது. அவருக்கு லேபில். எனக்கு முதலில் வீட்டிலேயே, ஆறு மாதம் கழித்து லேபில். வீட்டில் எடுத்தபோது எனக்கு 'நார்மல்' என்று வந்தது. அது சரியில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தவர்களும் போன் போட்டுக் கேட்பதும் நான் சொல்வதுமாக இருக்கிறது. அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை; மருந்து, மெஷின் விஷயத்தில் முடிவு உங்கள் டாக்டருடையது.

குறட்டைக்கெல்லாம் ஒரு டெஸ்ட்டா?

வெறும் குறட்டை என்றால் பெரும்பாலும் தேவையில்லை. குறட்டை நடுவில் சட்டென்று நின்றுபோய், சத்தமே இல்லாமல் கிடந்து, அப்புறம் தண்ணீரில் மூழ்கி எழுந்தவர் மாதிரி மூச்சை இழுக்கிறாரா? அந்த அமைதிதான் ஆபத்து. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கும் அண்ணத்தின் பின்சதையும் சரிந்து, மூச்சு வழியை அடைத்துக்கொள்கின்றன. மார்பும் வயிறும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. இதுதான் மூச்சுத்தடை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை ஒரு கணம் தட்டி எழுப்பும், மறுபடி தூக்கம். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது.

ஒரு நாள் ராத்திரி செல்போன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரின் அமைதியை எண்ணினேன். 34 விநாடி. அவருடைய தோளில் கைவைத்து உலுக்கப் போனபோது மூச்சு வந்தது. மறுநாள் அதை வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டினோம். வாயால் சொன்னதைவிட அந்த ஒரு நிமிஷ வீடியோ அதிகம் பேசியது. நீங்களும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அவர் ராத்திரி நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டிருந்தார். சர்க்கரை பார்த்தோம், ப்ராஸ்டேட் பார்த்தோம், ஒன்றுமில்லை. அடைபட்ட தொண்டை வழியாக மூச்சை இழுக்கப் போராடும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து, இதயத்துக்கு ரத்தம் கூடுதலாக வந்து சேர்கிறது. உடம்பில் தண்ணீர் மிகுந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, சிறுநீரை வெளியேற்றும் ஹார்மோனை இதயம் சுரக்கிறது. மூச்சுத்தடை சரியான பிறகு நான்கு ஒன்றாகிவிட்டது. காலைத் தலைவலி, மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம், பகலில் உட்கார்ந்தால் கண் சொருகுவது, இவையும் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை.

டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து மார்க் போடச் சொன்னாரே, அது என்ன?

எப்வொர்த் அளவுகோல். ஆஸ்திரேலியாவில் முர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991இல் வெளியிட்டது. எட்டு கேள்வி, மொத்தம் 24 மதிப்பெண். படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் சும்மா உட்கார்ந்திருக்கும்போது தூங்கிவிழ எவ்வளவு வாய்ப்பு என்று கேட்கும். 10க்கு மேல் போனால் பகல் தூக்கம் அதிகம் என்று அர்த்தம். கார் பற்றிய கேள்விகளுக்கு, கார் இல்லாதவர்கள் பஸ் பயணத்தை நினைத்துப் பதில் சொல்லலாம். கூச்சப்பட்டுக் குறைத்துப் போடாதீர்கள். வீட்டுக்காரர் 6 போட்டார். "வெங்கட்ரமணா, மாப்பிள்ளை பார்க்க வந்த இடத்தில் தூங்கினது யார்?" என்று அவருடைய அம்மா கேட்ட பிறகு 15 ஆயிற்று.

வீட்டில் எடுப்பதா, லேபில் எடுப்பதா?

வீட்டில் எடுப்பது சுலபம், செலவும் குறைவு. மூக்கில் ஒரு குழாய், மார்பில் ஒரு பெல்ட், விரலில் ஒரு கிளிப், அவ்வளவுதான். மூச்சுத்தடை இருப்பது கிட்டத்தட்ட உறுதி, வேறு பெரிய நோய் இல்லை என்றால் அதுவே போதும். ஆனால் பெரும்பாலான வீட்டு மெஷின்களில் மூளை அலையைப் பதிவு செய்யும் வயர் கிடையாது. அதாவது, நீங்கள் தூங்கினீர்களா, விழித்துக்கொண்டு கிடந்தீர்களா என்று அதற்குத் தெரியாது. நான் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். கீழே விவரமாகச் சொல்கிறேன்.

இதய பலவீனம், பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும், தூக்கமே வராமல் தவிப்பவர்களுக்கும், தூக்கத்தில் கை கால் உதறுகிறவர்களுக்கும் லேப்தான் சரி.

எண்ணெய், பூ, நகை?

லேபில் தருகிற தாளில் இதெல்லாம் முழுதாக இருப்பதில்லை. தலைக்கு எண்ணெய் கூடவே கூடாது. அன்று காலையில் தலைக்குக் குளித்து, எண்ணெயோ கண்டிஷனரோ தொடாமல் நன்றாகக் காயவைத்துப் போங்கள். எண்ணெய் இருந்தால் வயர் ஒட்டாது, நடு ராத்திரியில் கழன்று விழும், டெக்னீசியன் வந்து எழுப்புவார். முகத்துக்கு க்ரீம், பவுடர் வேண்டாம். பூ வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு விரலிலாவது நகப்பூச்சும் மருதாணியும் இல்லாமல் இருக்கட்டும். விரல் கிளிப் சிவப்பு ஒளியை விரல் வழியாக அனுப்பித்தான் ஆக்சிஜனை அளக்கிறது. அடர்ந்த நிறப்பூச்சு அதைக் குழப்பலாம். மூக்குத்தியைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், மூக்குக் குழாயும் மாஸ்க்கும் அங்கேதான் உட்கார வேண்டும். தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வார்களோ என்று என் நாத்தனார் பயந்துகொண்டே போகாமல் இருந்தார். எனக்குக் கழற்றச் சொல்லவில்லை. பெல்ட்டுக்கு மேலே ஒதுக்கி, ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டார்கள்.

முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையோ நைட்டியோ நல்லது. வழக்கமான மாத்திரைகளை எடுத்துப்போய்ச் சாப்பிடுங்கள். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம், பகல் தூக்கமும் வேண்டாம்.

ஒட்டும்போது வலிக்குமா? என்ன செய்வார்கள்?

ஊசி கிடையாது, ஷாக் கிடையாது. வயர்கள் உங்களிடமிருந்து சிக்னலை எடுத்துக்கொள்கின்றன, உங்களுக்குள் எதையும் அனுப்புவதில்லை. எனக்கு ஒட்டிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். இன்ச் டேப்பால் தலையை அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, மணல் கலந்தது போன்ற ஜெல்லால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, வெள்ளைப் பசையில் வட்டத் தகட்டை அமுக்கினாள். தலையில், கண் ஓரத்தில், மோவாயில், மார்பில், இரண்டு முழங்காலுக்குக் கீழே என்று போய்க்கொண்டே இருந்தது. மார்பிலும் வயிற்றிலும் ஒவ்வொரு பெல்ட், கழுத்தில் குறட்டைக்கு ஒரு மைக், மூக்கில் குழாய், விரலில் கிளிப். முக்கால் மணி நேரம் ஆயிற்று. எல்லா வயரையும் பின்னால் சடை மாதிரி சேர்த்துக் கட்டி, ஒரு சின்னப் பெட்டியில் செருகினாள்.

விளக்கை அணைத்த பிறகு சுவரிலிருந்த ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. "அம்மா, தலையை ஆட்டாம கண்ணை மட்டும் இடது பக்கம் கொண்டு போங்க. இப்ப வலது. அஞ்சு தடவை சிமிட்டுங்க. பல்லைக் கடிங்க. இடது பாதத்தை மடக்குங்க. மூச்சைப் பிடிங்க... விடுங்க. குறட்டை விடற மாதிரி ஒரு சத்தம் குடுங்க." ஒவ்வொரு வயரும் வேலை செய்கிறதா என்று பார்க்கிற சோதனை இது. இதற்குத் திகைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இத்தனை வயரோடு தூக்கம் எப்படி வரும்? தூங்காவிட்டால் பணம் வீணா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் கெடுவது ஆராய்ச்சியாளர்கள் 1966லேயே 'முதல் இரவு விளைவு' என்று பெயரிட்டு எழுதிய விஷயம். ரிப்போர்ட்டைப் படிக்கிற டாக்டருக்கும் அது தெரியும். வீட்டில் மாதிரி எட்டு மணி நேரம் தூங்க வேண்டியதில்லை. நான்கைந்து மணி நேரம் விட்டு விட்டுத் தூங்கினாலும் பெரும்பாலும் போதுமான பதிவு கிடைத்துவிடும். நான் தூங்கவே இல்லை என்று காலையில் சத்தியம் செய்தேன். ரிப்போர்ட்டில் 5 மணி 10 நிமிஷம் தூங்கியிருந்தேன்.

சொந்தத் தலையணை, போர்வை கொண்டுபோவது உண்மையிலேயே உதவும். ஏ.சி. குளிர் ஒத்துக்கொள்ளாவிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள்.

நடுவில் பாத்ரூம் போகணும் என்றால்?

குரல் கொடுத்தால் போதும். கேட்டுக்கொண்டிருக்கும் டெக்னீசியன் வந்து பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுப்பார், வந்ததும் மாட்டுவார். அடக்கிக்கொண்டு படுக்காதீர்கள். அறையில் கேமரா இருக்கும், பாத்ரூமில் இருக்காது. பெண்களுக்குப் பெண் டெக்னீசியன் வேண்டும் என்று தேதி குறிக்கும்போதே கேட்கலாம். துணைக்கு ஒருவர் இருக்கலாமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி மாஸ்க் போட்டார்கள். நிலைமை மோசமா? ஆக்சிஜன் வைத்தார்களா?

என் மாமியார் இதைக் கேட்டு அழுதே விட்டார். ஆக்சிஜன் வைத்தால் கடைசிக் கட்டம் என்று நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. அது ஆக்சிஜன் இல்லை. அறையிலுள்ள காற்றைத்தான் சிபாப் மெஷின் கொஞ்சம் அழுத்தத்தோடு ஊதுகிறது. அந்த அழுத்தம் தொண்டையை உள்ளிருந்து விரித்துப் பிடித்து, சதை சரியாமல் பார்த்துக்கொள்கிறது. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 1981இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள்.

முதல் பாதியில் தடைகள் தெளிவாகத் தெரிந்துவிட்டால், இரண்டாம் பாதியில் மாஸ்க் போட்டு எவ்வளவு அழுத்தம் தேவை என்று பார்ப்பார்கள். இன்னொரு ராத்திரி வர வேண்டிய அலைச்சல் மிச்சம். எல்லோருக்கும் இப்படி நடக்காது. போடாமல் விட்டால் நோய் இல்லை என்றும் அர்த்தமில்லை. தடைகள் விடியற்காலையில்தான் வந்திருக்கலாம்.

காலையில் டெக்னீசியனிடமே ரிசல்ட் கேட்கலாமா?

கேட்டாலும் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. அவர் முகத்தைப் பார்த்து அர்த்தம் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். ராத்திரி முழுக்கக் கண்விழித்த முகம் அது. தலையில் ஒட்டிய பசை வெந்நீரில் ஊறவைத்தால் கரைந்துவிடும். அப்புறம் சீயக்காயோ ஷாம்புவோ எது வழக்கமோ அது.

ரிப்போர்ட் வர ஏன் இத்தனை நாள்?

பதிவை 30 விநாடித் துண்டுகளாக வெட்டிப் பார்ப்பார்கள். எட்டு மணி நேரம் என்றால் 960 பக்கம். ஒவ்வொன்றிலும் விழிப்பா, எந்த நிலைத் தூக்கம், மூச்சு நின்றதா, கால் உதறியதா என்று குறிக்க வேண்டும். கம்ப்யூட்டர் தானாகக் குறிக்கும், ஆனால் ஆள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். 'ஆட்டோ ஸ்கோரா, கையால் சரிபார்த்ததா?' என்று கேட்டுவிடுங்கள். இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் சரிபார்த்த ரிப்போர்ட்தான் வேண்டும்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

எல்லோரும் பார்ப்பது ஏ.எச்.ஐ. என்ற ஒரு எண்ணை. தூங்கிய ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பது அது. பத்து விநாடிக்குக் குறையாமல் நீடித்தால்தான் கணக்கில் சேரும். பெரியவர்களுக்கு 5க்குக் கீழே நார்மல், 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது.

ஆனால் அந்த எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். முதலில் மொத்தம் எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று பாருங்கள். அடுத்து, மல்லாந்து படுத்தபோது எத்தனை, ஒருக்களித்தபோது எத்தனை என்று தனித்தனியாக இருக்கும். ஒருக்களித்தால் பாதிக்கு மேல் குறைகிறவர்களும் உண்டு. அவர்களுக்குப் படுக்கும் விதத்தை மாற்றுவதே சிகிச்சையில் ஒரு பங்கு. மூன்றாவது, ரெம் தூக்கத்தில் எவ்வளவு என்பது. கனவு காணும் அந்த நிலையில் தசைகள் முழுக்கத் தளர்ந்துவிடுவதால் தடை மிகும். நான்காவது, ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே மொத்தம் எத்தனை நிமிஷம் இருந்தது என்பது. 'மிகக் குறைந்தது 68' என்ற ஒற்றை எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள், கிளிப் நழுவினாலும் அப்படிக் காட்டும். எத்தனை நேரம் கீழே இருந்தது என்பதுதான் முக்கியம்.

'நார்மல்' என்று வந்துவிட்டது. ஆனால் எனக்கு இன்னும் அசதி தீரவில்லையே?

என் கதை இதுதான். எனக்கு 52 வயது. பெரிய குறட்டை இல்லை. ராத்திரி இரண்டு மூன்று தடவை விழிப்பு, காலையில் தலைபாரம், எதற்கெடுத்தாலும் எரிச்சல். மாதவிடாய் நின்ற வயசு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். நானும் நம்பினேன். பெண்களுக்கு மூச்சுத்தடை பல நேரம் இப்படித்தான், களைப்பாகவும் தூக்கமின்மையாகவும் வரும். மாதவிடாய் நின்ற பிறகு அதற்கான வாய்ப்பும் கூடும்.

வீட்டில் எடுத்தபோது மெஷின் ஏழரை மணி நேரம் ஓடியது, 32 தடைகள். 32ஐ ஏழரையால் வகுத்தால் 4.3. ஐந்துக்குக் கீழே, அதனால் நார்மல். ஆனால் அன்று ராத்திரி மூக்குக் குழாய் உறுத்தி, இரண்டு மணிவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். தூங்கியது மூன்று மணி நேரம் இருந்தால் அதிகம். அதே 32ஐ மூன்றால் வகுத்தால் பத்துக்கு மேல் வருகிறது. யாரும் என்னிடம் 'தூங்கினீர்களா?' என்று கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து வேறொரு டாக்டர் கேட்டார். லேபுக்கு அனுப்பினார். 5 மணி 10 நிமிஷத் தூக்கத்தில் 88 தடைகள், ஏ.எச்.ஐ. 17. அதில் 40 தடைகள் வெறும் 50 நிமிஷ ரெம் தூக்கத்துக்குள்ளேயே வந்திருந்தன. அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு வருத்தமே வரவில்லை. நான் சோம்பேறி இல்லை, சிடுமூஞ்சி இல்லை என்று யாரோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல இருந்தது.

ஆகவே வீட்டு டெஸ்ட்டில் நார்மல் வந்தும் தொந்தரவு தீராவிட்டால், அன்று எவ்வளவு தூங்கினீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லி, லேப் ஸ்டடி தேவையா என்று கேளுங்கள். லேபிலும் ஒன்றுமில்லை என்றால் தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு போன்றவற்றைப் பார்க்கச் சொல்வார்.

ரிப்போர்ட் கைக்கு வருமுன்பே மெஷின் விற்பவர் போன் செய்கிறார். என்ன செய்ய?

எங்களுக்கும் நடந்தது. "சாருக்கு சிவியர் மேடம், இன்னைக்கே புக் பண்ணா டிஸ்கவுண்ட்" என்று. டாக்டர் வாயிலிருந்து கேட்க வேண்டிய செய்தியை ஒரு விற்பனையாளரிடமிருந்து, அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் கேட்டேன். இன்றும் அது ஆறவில்லை. எந்த இடம் என்று எழுதப் போவதில்லை.

உடனே சரி என்று சொல்லாதீர்கள். முதலில் முழு ரிப்போர்ட்டையும் வாங்குங்கள், கடைசிப் பக்கத்துச் சுருக்கத்தை மட்டும் அல்ல. நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் சொல்கின்றன. அப்புறம் டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். மெஷின் தேவை என்றால் வாடகைக்கு எடுத்து இரண்டு வாரமாவது போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மாஸ்க்கைப் படுத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். உட்கார்ந்தபடி சரியாக இருப்பது படுத்தால் கசியும்.

மெஷின் வாழ்நாள் முழுக்கவா?

பலருக்கு நீண்ட காலம். எல்லோருக்கும் அப்படியில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் செய்த நீண்ட ஆய்வில், உடல் எடை 10 சதவீதம் கூடியவர்களுக்கு ஏ.எச்.ஐ. சுமார் 32 சதவீதம் கூடியது, 10 சதவீதம் குறைந்தவர்களுக்குச் சுமார் 26 சதவீதம் குறைந்தது என்று 2000இல் வெளியிட்டார்கள். லேசான, நடுத்தர நிலையில் தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் சாதனம் சிலருக்குப் பொருந்தும். எடை கணிசமாகக் குறைந்தால் மறுபடி ஸ்டடி எடுத்துப் பார்க்காமல் நீங்களாக மெஷினை நிறுத்தாதீர்கள்.

குழந்தைக்கும் இதே கணக்கா?

இல்லை. குழந்தைகளுக்கு மணிக்கு ஒன்றுக்கு மேல் போனாலே கவனிப்பார்கள். பெரும்பாலும் தொண்டையிலுள்ள டான்சிலும் மூக்கின் பின்னாலுள்ள அடினாய்டு சதையும்தான் காரணம். பெரியவர்களுக்கான 5, 15, 30ஐ வைத்துக்கொண்டு 'லேசானதுதான்' என்று விட்டுவிடாதீர்கள்.

ரிசல்ட் வரும்வரை வண்டி ஓட்டலாமா?

ஓட்டும்போது ஒரு தடவையாவது கண் சொருகியிருந்தால், வேண்டாம். பஸ், லாரி, கால் டாக்சி ஓட்டுகிறவர்கள் இதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது. பிழைப்பு போய்விடுமோ என்ற பயம் புரிகிறது. டெஸ்ட் தேதியைச் சீக்கிரமாகத் தரச் சொல்லிக் கேளுங்கள், 'ஓட்டுநர்' என்று சொல்லியே கேளுங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போவது?

முழு ரிப்போர்ட், சாப்பிடுகிற மாத்திரைகளின் பட்டியல், அந்த வீடியோ. கூடவே, பக்கத்தில் படுக்கிறவரையும் அழைத்துப் போங்கள். ராத்திரி நடந்ததைப் பார்த்தவர் அவர்தான். மெஷின் போட ஆரம்பித்தவர்கள் அதன் மெமரி கார்டையும் எடுத்துப் போக வேண்டும். எத்தனை மணி நேரம் போட்டீர்கள், மிச்சம் எத்தனை தடை, எவ்வளவு கசிவு என்று அதில் இருக்கும். என் வீட்டுக்காரரின் கார்டில் முதல் மாதம் மிச்சம் 11 என்று காட்டியது. மாஸ்க்கை ஒரு சைஸ் சின்னதாக மாற்றினோம். அடுத்த மாதம் 3.